ஒயின் சில்லரில் ஒரு அறை மட்டும் தப்பு டிகிரி காட்டுகிறது: போர்டா, சென்சாரா?

கேள்வியின் சுருக்கம் இது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கம்ப்ரஸர் உள்ள இரண்டு அறை ஒயின் சில்லர், வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. கேள்வி கேட்டவர் மேல் அறையை 12 டிகிரியிலும் கீழ் அறையை 16 டிகிரியிலும் வைத்திருக்கிறார். சில வாரங்களாக மேல் அறை டிஸ்ப்ளே 5 காட்டுகிறது. போத்தலைத் தொட்டால் அவ்வளவு குளிர்ச்சி இல்லை; உள்ளே போட்ட தனித் தெர்மாமீட்டர் 18 என்கிறது. நடுநடுவே இ1 என்ற பிழைக் குறியீடு வந்து பீப் அடிக்கிறது, பிளக்கைப் பிடுங்கிச் சொருகினால் போய்விடுகிறது. கீழ் அறையில் எந்தக் குறையும் இல்லை. வந்து பார்த்த டெக்னீஷியன் போர்டு (சில்லரை இயக்கும் மின்னணுப் பலகை) மாற்ற 280 வெள்ளி ஆகும் என்கிறார். மாற்றலாமா? உள்ளே இருந்த ஒயின் கெட்டிருக்குமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன: மேல் அறையின் சூட்டை அளக்கும் சென்சார், அதிலிருந்து போர்டுக்குப் போகும் இரண்டு ஒயர், அந்த ஒயர் சொருகும் கனெக்டர். போர்டே கெட்டிருக்கவும் கூடும், மறுக்கவில்லை. ஆனால் அதை உறுதிப்படுத்த ஒரு மல்டிமீட்டரும் (மின்தடையை அளக்கும் கருவி) சில காசு பெறுமான ரெசிஸ்டர் (குறித்த அளவு மின்தடை தரும் சின்ன பாகம்) இரண்டும் போதும். அந்தச் சோதனையைச் செய்யாமல் யாராவது போர்டு விலை பேசினால், "சென்சாரை அளந்து பார்த்தீர்களா, எத்தனை கிலோ ஓம் வந்தது?" என்று கேளுங்கள். பதில் வருகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

முதலில் சென்சார் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பிறகு நீங்களே கணக்குப் போடலாம். சில்லருக்குள் சுவரிலோ, விசிறி மூடிக்குப் பின்னாலோ, துளைகள் உள்ள சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் அது இருக்கும். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு முனை, அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர். பெயர் தெர்மிஸ்டர், என்.டி.சி. வகை. சூடு ஏற ஏற இதன் மின்தடை இறங்கும்; குளிரக் குளிர ஏறும். போர்டு 5 வோல்ட்டை, சில மாடல்களில் 3.3 வோல்ட்டை, ஒரு நிலையான ரெசிஸ்டர் வழியாக இதற்குக் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வோல்ட்டேஜை அளக்கிறது. எந்த வோல்ட்டேஜுக்கு எத்தனை டிகிரி என்ற அட்டவணை அதன் சிப்புக்குள் இருக்கிறது. ஆகவே இடையில் எது ஓம் கணக்கைக் கெடுத்தாலும் போர்டு அதையும் குளிர் அல்லது சூடு என்றே எடுத்துக்கொள்ளும்.

வீட்டுச் சில்லர்களில் பரவலாக வருவது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை. அதிலும் பீட்டா (சூட்டுக்கு ஏற்பத் தடை எவ்வளவு வேகமாக மாறும் என்று சொல்லும் எண்) 3435 என்ற ரகம் அதிகம். அதன் அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 0 டிகிரியில் 27.3 கிலோ ஓம், 5 டிகிரியில் 22, 10 டிகிரியில் 18, 15 டிகிரியில் 14.7, 20 டிகிரியில் 12.1, 30 டிகிரியில் 8.3. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 4 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் சில்லருக்கு வருவோம். உள்ளே உண்மையில் 18 டிகிரி. நல்ல சென்சாராக இருந்தால் அங்கே 13 கிலோ ஓம் சுமார் இருக்க வேண்டும். போர்டு 5 என்கிறது. அப்படியானால் அது பார்ப்பது 22 கிலோ ஓம். கூடுதலாக வந்த 9 கிலோ ஓம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அதுதான் உங்கள் பழுது. தொடராக ஒரு தடை சேர்ந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு, அல்லது ஒயர் உள்ளே அறுந்து ஓரிரு இழையில் தொங்குகிறது, அல்லது தெர்மிஸ்டர் முனையிலேயே ஒயர் பற்று விட்டிருக்கிறது. தொடர்பு முழுதாக விடும் நொடியில் தடை எல்லையில்லாமல் போகும். "இப்படி ஒரு குளிர் உலகத்திலேயே கிடையாது" என்று போர்டு இ1 போட்டு அலறும். சில மாடல்கள் ஒருமுறை பிழை வந்துவிட்டால் மின்சாரம் நிற்கும்வரை அதைப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் சரியாவதன் காரணம் இதுதான், எதுவும் குணமாகவில்லை.

12 வேண்டும் என்று கேட்டிருக்கும்போது, ஏற்கெனவே 5 இருக்கிறது என்று போர்டு நம்புகிறது. அதனால் மேல் அறைக்குக் குளிர் அனுப்பவே இல்லை. ஒரே கம்ப்ரஸரை வைத்து இரண்டு அறை நடத்தும் சில்லர்களில், மேல் அறைக்கு உரிய விசிறியையோ வால்வையோ மட்டும் நிறுத்திவிடும். கீழ் அறை குறையில்லாமல் ஓடுவது இதற்குப் பொருந்தி வருகிறது.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. டிஸ்ப்ளே 17, 18 என்று காட்டும், உள்ளே போத்தல் பனிக்கட்டியாகும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும், கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். அங்கே தடை குறைந்திருக்கிறது. தெர்மிஸ்டரை மூடியிருக்கும் எப்பாக்ஸியில் முடி இழைபோல் விரிசல் விட்டு ஈரம் இறங்கினால் இப்படி ஆகும். இரண்டு கம்பிக்கும் நடுவே ஈரம் தனியாக ஒரு பாதை போட்டுக்கொடுக்கிறது. சிங்கப்பூர் போன்ற ஊரில் இது சீக்கிரம் வருவதில் வியப்பில்லை. இங்கே காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் சூடு, 24 டிகிரி சுமார். 12 டிகிரியில் இருக்கும் அறையின் கதவைத் திறந்தால், உள்ளே போகும் காற்று அங்கிருக்கும் எல்லாவற்றின் மேலும் வியர்த்து உட்காரும். சென்சார் முனையும் உள்ளறைக் கனெக்டரும் அதில் அடக்கம். ஒயின் எடுக்க வந்து, எந்தப் போத்தல் என்று யோசித்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நிற்கும் பழக்கம் கதவு ரப்பரைவிடச் சென்சாருக்குத்தான் அதிகக் கேடு.

பிழைக் குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இ1 என்றால் மேல் சென்சார், இ2 என்றால் கீழ் சென்சார் என்பது பல மாடல்களில் உண்மை. வேறு சிலவற்றில் இ1 என்றால் ஒயர் அறுந்தது, இ2 என்றால் ஒயர் ஒட்டிக்கொண்டது. எச்எச், எல்எல் என்று வருவதும் உண்டு: அளவு மேல் எல்லையைத் தாண்டியது, கீழ் எல்லையைத் தாண்டியது. இதில் தொழில் முழுவதற்கும் பொதுவான விதி எதுவும் இல்லை. உங்கள் மாடலின் கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. இணையத்தில் வேறு கம்பெனிக் குறியீட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

திறப்பதற்கு முன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. டிஸ்ப்ளேயும் உள்ளே இருக்கும் சூடும் உண்மையில் வேறுபடுகின்றனவா என்று உறுதி செய்யுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, அதில் தெர்மாமீட்டரை மூழ்கவைத்து, சென்சார் இருக்கும் தட்டிலேயே ஓர் இரவு முழுக்க விடுங்கள். காற்றை மட்டும் அளந்தால் கம்ப்ரஸர் ஓடும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று என்று இரண்டு மூன்று டிகிரி ஆடும். தண்ணீர் ஆடாது, போத்தலுக்குள் இருக்கும் ஒயினும் அப்படித்தான். கூடவே, டிஸ்ப்ளே நீங்கள் வைத்த டிகிரியைக் காட்டுகிறதா, உள்ளே இருக்கும் டிகிரியைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். சில சிறிய மாடல்கள் எப்போதும் வைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் உண்மை எண் வரும். தண்ணீருக்கும் டிஸ்ப்ளேக்கும் இரண்டு டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் சென்சாரைத் தொடவே வேண்டாம். உங்களுக்கு 13 டிகிரி வித்தியாசம்; சந்தேகமே இல்லை.

இனி வேலை. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. போர்டு பெரும்பாலும் பின்புற மேல்மூலையில் ஒரு தகட்டு மூடிக்குள், அல்லது மேல்பகுதியில் டிஸ்ப்ளேக்குப் பின்னால் இருக்கும். 230 வோல்ட் வரும் பக்கத்தில் ஒரு பருத்த கப்பாசிட்டர் நிற்கும். அதில் 325 வோல்ட் டி.சி. வரை தேங்கியிருக்கலாம். பத்து நிமிடம் விட்டுப் பிறகு தொடுங்கள், அந்தப் பக்கம் விரலே போக வேண்டாம். சென்சார் ஒயர்கள் வருவது எதிர்ப்பக்கம்: வெள்ளை நிற, இரண்டு பின் உள்ள சின்ன ஜே.எஸ்.டி. கனெக்டர்கள். இன்னொன்று: புதிய சில்லர்களில் ஆர்600ஏ என்ற வாயு, அதாவது ஐசோபியூட்டேன், எரியக்கூடியது. அளவு சில பத்து கிராம்தான். ஆனாலும் செம்புக் குழாயை வளைப்பது, உள்ளறைச் சுவரில் துளை போடுவது இரண்டும் கூடாது. துளை போட்டுக் குழாயைக் குத்தி, சென்சாருக்காகப் போய் சில்லரையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேல் அறைச் சென்சாரின் கனெக்டரைப் போர்டிலிருந்து உருவி, அதன் இரண்டு பின்னில் மல்டிமீட்டரை 200 கிலோ ஓம் நிலையில் வையுங்கள். போர்டில் சொருகியபடி அளந்தால் போர்டின் ரெசிஸ்டரும் சேர்ந்து தப்பாகக் காட்டும். மீட்டர் முனைகள் இரண்டையும் விரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள், உங்கள் உடம்பும் ஒரு ரெசிஸ்டர்தான். சில்லர் அணைந்து கதவு திறந்திருக்கிறது, அறை 28 டிகிரி என்றால் 9 கிலோ ஓமுக்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும். அதே கையோடு கீழ் அறைச் சென்சாரையும் அளங்கள். இரண்டு அறைச் சில்லரில் இது ஒரு பெரிய வசதி: நல்ல சென்சார் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது ஒரே எண் காட்ட வேண்டும். மேலே 18, கீழே 9 என்று வந்தால் அங்கேயே கதை முடிந்தது.

எண் சரியாக வந்தாலும் உடனே நிம்மதி அடையாதீர்கள். ஒருவரைச் சென்சார் முனையை விரலில் பிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் மீட்டரைப் பாருங்கள். எண் வழுக்கியபடி மெதுவாக இறங்கி 7 பக்கம் போகவேண்டும். பிறகு ஒயரை அதன் நீளம் முழுக்க, குறிப்பாக முனை அருகிலும் கனெக்டர் அருகிலும், லேசாக அசையுங்கள். எண் குதித்தால், அல்லது மீட்டர் திடீரென்று எல்லை தாண்டிய குறி காட்டினால், கை இருக்கும் இடம்தான் பழுது. உங்கள் இ1 வந்து வந்து போவதால், நிலையாக அளந்ததைவிட இந்த அசைவுச் சோதனைதான் அதிகம் சொல்லும்.

கனெக்டர்கள் இரண்டும் ஒரே மாதிரி என்றால் இன்னொரு சுருக்கு வழி இருக்கிறது. மேல் சென்சாரைக் கீழ் சாக்கெட்டிலும், கீழ் சென்சாரை மேல் சாக்கெட்டிலும் மாற்றிச் சொருகி, மூடியை மூடி, பிளக் போட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். பொய் எண் கீழ் டிஸ்ப்ளேக்கு இடம்பெயர்ந்தால் குற்றம் சென்சார் பக்கம். மேல் டிஸ்ப்ளேயிலேயே நின்றால் குற்றம் போர்டு பக்கம். தெர்மிஸ்டருக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது, திருப்பிப் போட்டாலும் கெடாது. பார்த்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் ஒரு அறையின் கட்டளை இன்னொரு அறைக்குப் போகும். சில மாடல்களில் எல்லாச் சென்சாரும் ஒரே நீளக் கனெக்டரில் வரும், அங்கே இது நடக்காது. மூன்றாவதாக ஒரு சென்சார் குளிர்த்தகட்டில் ஒட்டியபடி இருந்தால் அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது பனி படிவதைக் கவனிக்க வைத்தது.

போர்டைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து விடுவிக்கும் சோதனை இனிமேல்தான் வருகிறது, என்னைக் கேட்டால் முதலிலேயே இதைத்தான் செய்ய வேண்டும். சிம் லிம் டவரில் எலக்ட்ரானிக் பாகம் விற்கும் எந்தக் கடையிலும் 10 கிலோ ஓம், 18 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் கிடைக்கும். பிளக் கழற்றிய நிலையில், மேல் சென்சார் சாக்கெட்டில் சென்சாருக்குப் பதில் 18 கிலோ ஓம் ரெசிஸ்டரின் கால்களைச் சொருகுங்கள், பக்கத்துப் பின்னைத் தொடாமல். மூடி, பிளக் போடுங்கள். டிஸ்ப்ளே 10 அல்லது அதற்கு ஒரு டிகிரி முன்பின் காட்டினால் போர்டு நன்றாக இருக்கிறது. அது அட்டவணையைச் சரியாகப் படிக்கிறது. அடுத்து 10 கிலோ ஓம் போட்டால் 25 வரவேண்டும். 10 கிலோ ஓமுக்கு 8 டிகிரி பக்கம் காட்டினால் பதற வேண்டாம், உங்கள் போர்டு 5 கிலோ ஓம் சென்சாருக்காகச் செய்தது என்று பொருள்; கீழ் சென்சாரை அளந்தபோதே 25 டிகிரி பக்கத்தில் 5 வந்திருக்கும். இரண்டு ரெசிஸ்டருக்கும் சம்பந்தமில்லாத எண் வந்தாலோ, எண் நிலையில்லாமல் ஆடினாலோ, அப்போது போர்டைப் பற்றிப் பேசலாம். அப்போதும் முழுப் போர்டையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ரெசிஸ்டர், வடிகட்டிக் கப்பாசிட்டர் இரண்டில் ஒன்று கெட்டிருக்கும். அல்லது சால்டர் வைக்கும்போது பூசிய பழைய ஃப்ளக்ஸ் அழுக்கில் ஈரம் ஏறியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் ஒரு பழைய டூத் பிரஷும் பல போர்டுகளைப் பிழைக்க வைத்திருக்கின்றன.

போர்டு நல்லது, சென்சார் பக்கம்தான் பழுது என்று தெரிந்தபின், ஒயரா முனையா என்பது மீதி. போர்டிலிருந்து உள்ளறை வரைக்கும் ஒயர் பாலியூரித்தேன் நுரைக்குள் புதைந்து போகிறது. அதை உருவ முடியாது. உள்ளறையில் விசிறி மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் அங்கே நடுவில் ஒரு கனெக்டர் இருக்கும். உங்கள் 9 கிலோ ஓம் ஒளிந்திருக்க வாய்ப்புள்ள இடங்களில் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான், ஏனென்றால் போர்டு இருக்கும் பக்கம் சூடானது, அங்கே வியர்க்காது. இந்தக் கனெக்டரோ குளிரிலேயே கிடக்கிறது. பிரித்துப் பாருங்கள். பின் பளபளப்பாக இல்லாமல் மங்கிப் பச்சை பூத்திருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு நேரடியாக ஒயரை இணைத்துவிடலாம். அங்கே இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கிப் பிடித்து, போர்டு முனையில் அளந்தால் ஓரிரு ஓமுக்கு மேல் வரக்கூடாது. அதற்குள் வந்தால் நுரைக்குள் இருக்கும் ஒயர் முழுசாக இருக்கிறது, சென்சாரை மட்டும் மாற்றினால் போதும். நுரைக்குள்ளேயே அறுந்திருந்தால் புதிய ஒயரை வடிகால் துளை வழியாக வெளியே எடுத்துப் பின்புறமாகப் போர்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

புதுச் சென்சார் வாங்கும்போது "10 கே கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 10 கிலோ ஓமில் பீட்டா 3435 உண்டு, 3950 உண்டு. இரண்டும் 25 டிகிரியில் ஒரே எண் காட்டும், குளிர்ந்ததும் பிரியும். 3435 போர்டில் 3950 சென்சாரை மாட்டினால், உள்ளே 12 டிகிரி இருக்கும்போது அது 18.3 கிலோ ஓம் காட்டும். போர்டு அதை 9.5 என்று படிக்கும். நீங்கள் 12 கேட்டால் உண்மையில் 14க்கு மேலேயே நிற்கும். எது உங்களுடையது என்று தெரிந்துகொள்ள ஐஸ் தண்ணீர் போதும். ஐஸை நொறுக்கி ஒரு குவளை நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள்; அது 0 டிகிரியில் நிற்கும். நன்றாக இருக்கும் கீழ் அறைச் சென்சார் கழற்ற முடிந்தால், அதன் முனையை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஐந்து நிமிடம் அதில் வைத்து அளங்கள். 27 கிலோ ஓம் பக்கம் வந்தால் 3435. 32, 33 வந்தால் 3950. 14 முதல் 17 வரை என்றால் அது 5 கிலோ ஓம் வகை. கடைக்காரரிடம் 25 டிகிரியில் எத்தனை கிலோ ஓம், பீட்டா எத்தனை என்ற இந்த இரண்டு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், மாடல் பெயரைவிட இது உதவும். சில வெள்ளிக்கு மேல் போகாது. ஒரு சதவீதத் துல்லியம் உள்ளதாக வாங்குங்கள். ஐந்து சதவீத வகையில் ஒரு டிகிரிக்கு மேல் பிசகும்.

ஒயரை இணைப்பதில்தான் பெரும்பாலான வீட்டு ரிப்பேர்கள் தோற்கின்றன. இரண்டு ஒயரையும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் அன்றைக்கு வேலை செய்யும். ஈரம் புகுந்து அதே இ1 சில மாதத்தில் திரும்பும். சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டுச் சூடு காட்டி மூடுங்கள். இரண்டு இணைப்பையும் ஒரே இடத்தில் வைக்காமல் ஒன்றை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். சால்டர் பழக்கமில்லை என்றால், தொலைபேசி ஒயர் இணைப்பவர்கள் பயன்படுத்தும் ஜெல் நிரப்பிய சின்ன கிரிம்ப் கனெக்டர் இன்னும் எளிது. சென்சார் முனை பழைய கூட்டுக்குள், பழைய இடத்திலேயே போகட்டும். குளிர்த்தகட்டில் ஒட்டிவிட்டால் அறை குளிரும் முன்பே கம்ப்ரஸர் நின்றுவிடும். கதவுப் பக்கம் இழுத்துவிட்டால் வெளிச்சூட்டைப் பார்த்து ஓடிக்கொண்டே இருக்கும். போத்தல் ஒன்று கூட்டில் முட்டிக்கொண்டு காற்றை மறைத்தாலும் இதே குழப்பம் வரும்.

சென்சார்போல் நடிக்கும் வேறு பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே மாதிரித் தொல்லையோடு வருகிறவர்களில் பலருக்கு இவைதான் காரணம். டிஸ்ப்ளேயும் தனித் தெர்மாமீட்டரும் ஒத்துப்போகின்றன, ஆனால் வேண்டிய அளவுக்குக் குளிரவில்லை என்றால் சென்சார் நல்லது. உள்விசிறி நின்றிருக்கும், கதவு ரப்பர் பிடிக்காமல் இருக்கும், அல்லது தனியாக நிற்க வேண்டிய சில்லரை அலமாரிக்குள் திணித்து மூச்சு முட்ட வைத்திருப்பீர்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன, வைத்த எண்ணைத் தாண்டியும் கம்ப்ரஸர் நிற்கவில்லை என்றால் போர்டில் கம்ப்ரஸரைப் போட்டு நிறுத்தும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் சில்லர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். நடைமுறையில் அவை அறைச் சூட்டைவிட 15 டிகிரி சுமார் கீழே இறக்கினாலே நல்ல சில்லர். ஏர்கான் இல்லாத 32 டிகிரி அறையில் அதனிடம் 12 கேட்பது வீண். எத்தனை சென்சார் மாற்றினாலும் வராது. பின்பக்க லேபிளில் தட்பவெப்ப வகுப்பு அச்சிட்டிருக்கும்: என். என்றால் சுற்றுச்சூடு 16 முதல் 32 வரை, எஸ்.டி. என்றால் 38 வரை, டி. என்றால் 43 வரை. வாங்கும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை.

மாற்றி முடித்தபின் தண்ணீர்க் குவளைத் தெர்மாமீட்டரை ஒரு நாள் முழுக்க உள்ளே விட்டு, டிஸ்ப்ளேயோடு ஒப்பிடுங்கள். ஒரு டிகிரி முன்பின் இருந்தால் போதும். எப்போதும் ஒரே பக்கமாக இரண்டு டிகிரி தள்ளியே இருந்தால், சில கண்ட்ரோலர்களில் அதைத் திருத்தும் அமைப்பு மெனுவுக்குள் இருக்கும். இல்லாவிட்டால் வைக்கும் எண்ணை அந்த அளவுக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். பிளக் போட்டவுடன் கம்ப்ரஸர் ஓடவில்லையே என்று திரும்பத் திரும்பப் பிடுங்காதீர்கள், மூன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருந்து ஓடும்படிதான் அதை வைத்திருப்பார்கள்.

ஒயினைப் பற்றிக் கேட்டீர்கள். 12, 13 டிகிரிதான் நீண்ட நாள் சேமிப்புக்கு ஏற்றது என்றாலும், சில வாரம் 18 டிகிரியில் இருந்ததால் எதுவும் கெட்டுவிடாது. பல ஆண்டு வைத்திருப்பதற்காக வாங்கிய போத்தலானாலும் சரி. 25க்கு மேல் நெடுநாள் கிடந்தால்தான் கவலை. கார்க் மேலே தள்ளியிருக்கிறதா, கழுத்தில் பிசுபிசுப்பாக ஒழுகிய தடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அந்தப் போத்தலை முதலில் திறந்து குடித்துவிடுங்கள். எதிர்ப்பக்க நோய் வந்து அளவு மீறிக் குளிர்ந்த சில்லர் என்றால் கதை வேறு: சாதாரண ஒயின் மைனஸ் 5, 6 டிகிரி பக்கம் உறைய ஆரம்பிக்கும், விரிந்து கார்க்கைத் தள்ளும். அவ்வளவு தூரம் போகாமல் வெறுமனே நன்றாகக் குளிர்ந்திருந்தால் அடியில் கண்ணாடித் தூள்போல் மின்னும் படிகம் சேர்ந்திருக்கலாம். அது டார்ட்டாரிக் உப்பு, ஒயினிலேயே இருந்ததுதான். உடம்புக்கு ஒன்றும் செய்யாது. மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும்.